நோயாளியை முதலிற் காண்போர்க்குரிய கல்வி

விழா மலரொன்றைத் திறப்போர், அதன்கண் பழைய அதிபர்களின் புகழையும், துடுப்பாட்ட வெற்றிகளின் வரலாற்றையும், விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய நகைச்சுவையையும் எதிர்பார்த்தல் இயல்பே. அவற்றுக்கு நாம் பகைவரல்லேம். விடுதிச் சாம்பாரைப் பற்றி எமக்கும் சொல்ல நிரம்ப உண்டு. ஆயினும், எமது கல்லூரித் தாயின் மைந்தர் பலரும் ஒருங்கே கையிலெடுத்துப் படிக்கும் ஏடு இஃதொன்றே ஆதலின், நெடுநாளாக எம் உள்ளத்தை உறுத்திவரும் பொருளொன்றை இதன்கண் எழுதத் துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த பழைய மாணவர் ஒன்றுகூடலொன்றில், பேச்சாளர் பலராகவும் அவருட் சுருங்கப் பேசுவோர் சிலராகவும் அமைந்தமையால், பன்னிரண்டரை மணிக்குப் பரிமாற வேண்டிய மதிய விருந்து இரண்டு மணியாகியும் பரிமாறப்படவில்லை. எம்மோடு ஒரே வகுப்பிற் பயின்ற நண்பரொருவர் எழுந்து நின்றார். தொடர்பில்லாத சொற்கள் இரண்டு மூன்றைக் கூறினார். வியர்வை வழிய நிலத்திற் சாய்ந்தார். மண்டபத்திலே பொறியியலாளர் இருந்தனர், சட்டத்தரணிகள் இருந்தனர், ஓய்வுபெற்ற அதிபர்கள் மூவர் இருந்தனர். ஒருவர் விசிறினார். ஒருவர் சோடாவை வாயில் ஊற்றப் போனார். ஒருவர் வலிப்பென்று துணிந்து தமது மோட்டார் வண்டியின் திறப்பைக் கையிற் செருகினார். மற்றொருவர், எல்லோரும் விலகி நில்லுங்கள் என்று உரத்துக் கூறிக்கொண்டே தாம் மட்டும் விலகாது நின்றார். முப்பதாண்டு காலம் உயிரியல் கற்பித்து, வாதனாளியையும் களத்தையும், அதாவது காற்றுச் செல்லும் குழாயையும் உணவு செல்லும் குழாயையும், கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்த நாமும் கைகட்டி நின்றோம் என்பதை மறைத்தற்கில்லை.

கதிரைகளை ஏற்றிவந்த வண்டியோடு வந்திருந்த இளைஞரொருவரே கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். சாதாரண தரத்தோடு பள்ளியை விட்டவர். அப்பொழுது அம்புலன்ஸ் உதவியாளராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர். சோடாப் போத்தலைத் தட்டிவிட்டு, நண்பரை ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்தி, நாடியைச் சற்றே உயர்த்தி, மூச்சு வருகின்றதா என்று காதை வைத்துக் கேட்டார். “ஐயாவுக்குச் சலரோகமோ?” என்பதே அவர் வினவிய முதல் வினா. எம்முட் பாதிப்பேர் சலரோகக்காரர் ஆதலின், குருதியிற் குளுக்கோசின் அளவைக் காட்டும் சிறு கருவி உடனே கிடைத்தது. அது 38 என்று காட்டியது. 70 மில்லிகிராமுக்குக் கீழே சென்றாலே குறைவென்பர். காலையில் வழமையான நேரத்தில் இன்சுலின் ஏற்றிக்கொண்ட மனிதருக்கு வழமையான நேரத்திற் சோறு கிடைக்கவில்லை. நோயைச் செய்தவை எம் பேச்சுக்களே எனின் மிகையாகாது. வைத்தியசாலையிற் குளுக்கோசு ஏற்றிய சில நிமிடங்களில் நண்பர் கண் விழித்தார்.

இத்துணையும் மகிழ்ச்சிக்குரியதே. எம்மை உறுத்துவது அதன் பின்னர் நிகழ்ந்தது. மாலையில் அவ்விளைஞரைத் தேடிச் சென்று, ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்தியது எதன்பொருட்டு என்று கேட்டோம். அவர் நாணத்தோடு, “சரிச்சுக் கிடத்த வேணும் எண்டு படிப்பிச்சவை, ஐயா. ஏன் எண்டு எனக்கு வடிவாத் தெரியாது” என்றார். தம் குறிப்புக் கொப்பியையும் காட்டினார். ஆங்கிலத்திற் காட்டிய படங்களைப் பார்த்து, எழுத்துக்கெழுத்து அப்படியே பெயர்த்தெழுதிய பக்கங்கள் அவை. சில சொற்கள் எழுத்துப் பிழையோடு இருந்தன. சிலவற்றின் பொருளை அவர் ஒருபோதும் அறிந்ததில்லை. அவர் பயின்ற இடம் எதுவென்பது ஈண்டு வேண்டா. அஃது ஓரிடத்திற்கு மட்டும் உரிய குறையுமன்று.

எமது கருத்து இதுவே: நோயாளியை முதலிற் காணும் உதவியாளர்க்குச் செய்முறையை மட்டும் கற்பித்தல் போதாது, அச்செய்முறைக்குரிய காரணத்தையும், அவர் சிந்திக்கும் மொழியிலேயே கற்பித்தல் வேண்டும்.

இதனை மறுப்போர் உளர். வண்டியிற் செல்லும் பிள்ளைக்கு உடற்றொழிலியல் எதற்கு, சொன்னதைச் செய்தாற் போதாதா என்பர். அரைகுறை அறிவு ஆபத்து என்றும் கூறுவர். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்னும் பழமொழியையும் துணைக்கழைப்பர். வேர் என்பது பேர் ஆகிப் பழமொழியே திரிந்தது என்று எம் தமிழாசிரியர் கூறுவார். ஆயிரம் வேரைக் கண்டறிந்தவனும் அரை வைத்தியனே என்பதாம். அதுபோகட்டும். விதியை மட்டும் அறிந்தவன் ஆபத்தில்லாதவன் என்னும் எண்ணத்தையே நாம் மறுக்கின்றோம். ஏனெனில், விதிகள் ஒன்றோடொன்று மோதும்.

பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போல என்பது எம்மூர்ப் பழமொழி. அயற்கிராமமொன்றிற் கள் இறக்கச் சென்ற ஒருவர் மெய்யாகவே பனையால் விழுந்தார். அன்புள்ள அயலவர் நால்வர் அவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, முச்சக்கர வண்டியொன்றின் ஆசனத்தில் மடித்து இருத்திக் கொண்டு சென்றனர். இன்று அவருக்கு இடுப்பின் கீழ் உணர்வில்லை. விழுந்ததினால் வந்தது எவ்வளவு, தூக்கியதினால் வந்தது எவ்வளவு என்பதை எந்த வைத்தியரும் பிரித்துக் கூறார். முள்ளந்தண்டினூடே செல்லும் முண்ணாண், சுண்டுவிரலளவு பருமனேயுள்ள மென்மையான நரம்புத் திரட்சி. உடைந்த என்பின் விளிம்பு அதனை ஒருமுறை நெரித்துவிட்டால் மீட்பது அரிது. ஆதலின், உயரத்திலிருந்து விழுந்தவரை அசைக்காதே என்பது விதி. நல்ல விதியே.

ஆயின், அவ்வாறு மல்லாந்து கிடப்பவர் நினைவிழந்து வாந்தியெடுப்பாராயின் உதவியாளர் செய்வது யாது? அசைக்காதே என்பது ஒரு விதி. நினைவிழந்தவரைச் சரித்துக் கிடத்து என்பது மற்றொரு விதி. இரண்டும் அவர் கொப்பியில் அடுத்தடுத்த பக்கங்களில் உள்ளன. எதனைக் கைக்கொள்வது என்று கொப்பி சொல்லாது. காரணம் அறிந்தவரோ கலங்கார். நினைவிழந்தவரின் தசைகள் தளர்தலின், நாக்கின் அடி பின்சென்று தொண்டையை அடைக்கும்; விழுங்கும் செயலும் இருமும் செயலும் ஒழிந்தமையால், வாந்தி வாதனாளியுட் புகும். மூளையோ உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயாயினும், உடல் கொள்ளும் ஒட்சிசனில் ஐந்திலொரு பங்கைத் தானே கொள்வது. ஒட்சிசன் முற்றாக நின்றால் 4 முதல் 6 நிமிடத்துள் அழியத் தொடங்குவது. முண்ணாண் கெட்டால் கால் போகும். காற்று நின்றால் ஆளே போவார். ஆகவே, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் நிற்குமாறு மூவர் நால்வர் பிடித்து, மரக்குற்றியை உருட்டுவதுபோல ஒருசேர உருட்டிச் சரித்தல் வேண்டும். விதிகளிரண்டும் இவ்வாறு காரணத்தினால் ஒன்றாகின்றன.

கட்டுப் போடுதலும் அத்தகையதே. போர்க்காலத்தில் வாழ்ந்த எமக்கு, ஷெல்லடி பட்டுக் காலிழந்தவரின் தொடையிற் சேலைத் தலைப்பைத் திருகிக் கட்டி உயிர்காத்த கதைகள் பல தெரியும். நாடியிலிருந்து பீறிடும் குருதி சில நிமிடங்களிலே உயிரைக் கொண்டுபோகும். அழுத்திப் பிடித்தும் நில்லாதபோது இறுகக் கட்டுதலே வழி. அந்நினைவோடு பாம்பு கடித்த காலிலும் நாம் இறுகக் கட்டுகின்றோம். இஃது இறுகிய தவறு. புடையனின் நஞ்சு கடிவாயைச் சூழ்ந்த தசையையும் கெடுப்பது. கட்டினால் அவ்விடத்தே தேங்கிக் காலை அழிக்கும். கட்டை அவிழ்க்கும்போது தேங்கியதெல்லாம் ஒருங்கே பாயும். கட்டின் தொழில் யாது, குருதியின் ஓட்டம் எத்தகையது என்பதை அறிந்தவரே இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்வர்.

பாம்பைப் பற்றித் தொடங்கியமையால், வடபுலத்தில் வண்டியேறப் போகும் பிள்ளைகள் அதனைச் சற்று விரித்துக் கற்றல் நன்றென்றே கருதுகின்றோம். புடையன் கடித்தவரின் குருதி உறைதலை மறக்கும். வைத்தியசாலையிலே தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயிற் சிறிது குருதியை விட்டு, 20 நிமிடம் அசையாது வைத்துப் பின் சரித்துப் பார்ப்பர். உறையாது ஓடினால் நஞ்சேறியது தெளிவு. இத்துணை எளிய சோதனையின் பொருளை அறிந்த உதவியாளர், பல்லீறிற் கசியும் குருதியையும், ஊசி குத்திய இடத்திற் கசியும் குருதியையும் வண்டியிலேயே கவனிப்பார். கடிவாயைக் கீறிக் குருதி வெளியேற்றுவோம் என்னும் அயலவரையும் தடுப்பார். உறையாத குருதியுடையவரைக் கீறுதல் எத்தகைய கொடுமை என்பது அவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

கட்டுவிரியனோ வேறு. அஃது இரவிலே, பாயை விரித்து நிலத்தில் உறங்குவோரைக் கடிப்பது. கடிவாயில் வீக்கம் இராது; நோவும் பெரிதாக இராது; அடையாளமே தெரியாதிருத்தலும் உண்டு. விடியற்காலையில் வயிற்று வலியென்று எழும்புவர். கோவிற் சோறு ஒத்துவரவில்லை என்று வீட்டார் வெந்நீர் கொடுப்பர். பின்னர் இமைகள் தாழும், பேச்சுக் குழறும், விழுங்கல் தடைப்படும், இறுதியில் மூச்சை இழுக்கும் தசைகள் ஓயும். விஷமுறி மருந்து, ஏற்கெனவே நரம்பு முனைகளிற் பற்றிக்கொண்ட நஞ்சை விடுவியாது. அவரைக் காப்பது செயற்கை மூச்சே. சில நாள் மூச்சுக் கொடுத்துக் காத்திருந்தால் நரம்புகள் தாமே மீளும். வயிற்று வலியென்று அழைக்கப்பட்ட வண்டியில் வரும் இளைஞர், இமை தாழ்ந்திருப்பதைக் காணவும், நிலத்தில் விரித்த பாயைக் காணவும், இரண்டையும் சேர்த்து எண்ணவும் வல்லவராதல் வேண்டும். இதனை எந்தப் பட்டியலும் அவருக்குச் செய்து கொடுக்காது.

ஒட்சிசனைப் பற்றியும் ஒரு சொல். மூச்சு முட்டுவோர்க்கெல்லாம் ஒட்சிசனை முழுவீச்சில் திறந்துவிடுதல் பலர் கற்ற பாடம். விரல்நுனியிற் கொளுவும் கருவி காட்டும் எண், பெரும்பாலோர்க்கு 94 முதல் 98 வரை நிற்றல் வேண்டும் என்பர். ஆயின், பலவாண்டு சுருட்டுப் புகைத்துச் சுவாசப்பை கெட்ட முதியவருக்கு 88 முதல் 92 வரையே போதும்; அதற்குமேல் ஏற்றினால் அவருடலிற் காபனீரொட்சைட்டு மிகுந்து மயக்கம் ஆழ்தல் கூடும். அடைத்த அறையில் மின்பிறப்பாக்கியை ஓடவிட்டு உறங்கியவருக்கோ, கருவி 99 என்று காட்டும்போதே உயிர் போய்க்கொண்டிருக்கும். காபனோரொட்சைட்டு, ஈமோகுளோபினை ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு பற்றிக்கொள்வது. கருவி இரண்டையும் வேறுபடுத்தி அறியாது. அவர்க்கு எண்ணைப் பாராது ஒட்சிசனை நிரம்பக் கொடுத்தல் வேண்டும். பரகுவாற்று என்னும் களைநாசினி உடலிற் புகுந்தவருக்கு நிலைமை இதற்கு மறுதலை: ஒட்சிசன் அந்நஞ்சுக்கு விறகாகிச் சுவாசப்பையை எரிக்கும், மிகவும் இன்றியமையாதபோதன்றிக் கொடுத்தலாகாது. அக்களைநாசினி எம் நாட்டில் 2008 ஆம் ஆண்டு தொடங்கிப் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமை பெரும் நன்மையே. எனினும், உயிர்வாயு என்று நாம் போற்றுவதும் நஞ்சுக்குத் துணைபோகும் என்பதை ஒரு மாணவர் ஒருமுறை உணர்ந்துகொண்டால், எதனையும் காரணமின்றித் திறந்துவிடார்.

குருதியமுக்கத்தை அளக்கக் கற்பிக்கின்றனர். 120க்கு 80 என்று அது காட்டினால் முகம் மலரவும் கற்பித்துவிடுகின்றனர். வளர்ந்தவர் உடலிற் சுமார் 5 லீற்றர் குருதி உண்டு. விபத்திற்பட்டு வயிற்றினுள்ளே குருதி கசியும் இளைஞன், ஒரு லீற்றருக்கு மேல் இழந்த பின்னும் படுத்தபடியே நல்ல அமுக்கத்தைக் காட்டுவான். இருதயம் விரைந்தடித்தும், தோலின் குழாய்கள் சுருங்கியும் குறையை மறைத்து நிற்றலே காரணம். நாடித்துடிப்பு 100ஐக் கடந்திருக்கும், கைகால் குளிர்ந்திருக்கும், முகம் வெளிறியிருக்கும். மூன்றிலொரு பங்களவு போனபின்னரே அமுக்கம் சரியும். அது சரியும்வரை காத்திருப்பவர், வீடு எரிந்து முடிந்தபின் புகையைக் கண்டவராவர். எம் பாட்டனார் காலத்து நாட்டு வைத்தியர், கருவியேதுமின்றிக் கைபிடித்து நாடி பார்த்து முகத்தையும் நோக்கியிருந்தது இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது.

இவையெல்லாம் பட்டம் பெற்றோர்க்கன்றி மற்றையோர்க்கு ஏலுமோ என்று ஐயுறுவோர்க்கு அமெரிக்க நாட்டுச் செய்தியொன்றைக் கூறுவோம். அந்நாட்டுப் பிற்ஸ்பேர்க் நகரிலே, 1960களின் நடுப்பகுதி வரையும், விபத்துற்றோரைப் பொலிஸ் வண்டியிலோ பிரேத வண்டியிலோ ஏற்றிச் செல்வதே வழக்கமாயிருந்தது. பின்னால் ஒருவரும் துணையிரார். வாயோடு வாய் வைத்து மூச்சூதும் முறையை நிலைநாட்டிய வைத்தியர் பீற்றர் சாபர் அந்நகரில் வாழ்ந்தவர். 1966 இல் அவருடைய சிறுமகள் ஆஸ்துமாவினால் இறந்தாள். மறு ஆண்டு பிறீடம் ஹவுஸ் என்னும் அமைப்போடு சேர்ந்து, வேலையற்றவரென்று ஊர் ஒதுக்கிய கறுப்பின இளைஞர்களைத் திரட்டினார். அவருட் சிலர் பள்ளிப்படிப்பையும் முடியாதவர். அவர்களுக்கு 300 மணிநேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. உடலமைப்பும் உடற்றொழிலும் முதலிற் கற்பிக்கப்பட்டன. வைத்தியசாலைச் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் மகப்பேற்று அறையிலும் நின்று கற்றனர். பின்னர் அவர்களை வழிநடத்திய நான்சி கரொலைன் என்னும் பெண் வைத்தியர் எழுதிய பாடநூல் 1979 இல் வெளிவந்து, அத்துறைக்கே முதனூல்களில் ஒன்றாயிற்று. 1975 இல் நகரசபை அச்சேவையைத் தன் வசமாக்கியபோது அவ்விளைஞர்களை நடத்திய விதம் நன்றன்று. அது வேறு கதை. பள்ளியை முடியாதவர்க்குக் காரணத்தோடு கற்பித்தால் அவர் கற்பர் என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

மொழியைப் பற்றிய சான்றுக்கோ கடல் கடக்க வேண்டியதில்லை. மானிப்பாய்க்குப் போனாற் போதும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், முதலில் ஆங்கிலத்திற் கற்பித்துப் பின்னர் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கத் துணிந்தார். அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராக்கினார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் எழுந்தன. அவர் சமயம் பரப்ப வந்தவர் என்பதை நாம் மறந்தோமல்லேம். அச்சமயத்தாரோடு எம் முன்னோர் நடத்திய வழக்கின் பயனாகவே எம்போன்ற இந்துக் கல்லூரிகள் தோன்றின. எனினும், நாடியையும் நாளத்தையும் தமிழிற் கற்பித்தல் கூடாதென்று சொல்வோர்க்கு, அதனை நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னரே செய்துகாட்டியவர் ஓர் அமெரிக்கர் என்பது எமக்கு வெட்கமாகவே இருக்கின்றது. 1950களிலும் 1960களிலும் கலைச்சொல்லாக்கக் குழுக்களில் அமர்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கட்டிய பெரியோரின் உழைப்பும் எம் கையில் உண்டு. முண்ணாண் என்ற சொல்லைப் பத்தாம் வகுப்பிற் படித்த பிள்ளைக்கு, பயிற்சி நிலையத்திலே அதே பொருளை அறியாத ஒலியாகக் கற்பித்தல் எவ்வகை அறிவுடைமை?

இதனாற் தனித்தமிழ் வெறி கொண்டோம் என்று எவரும் எண்ணவேண்டா. மருந்துப் போத்தலின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் ஆங்கிலத்தில் உள்ளது. வைத்தியசாலை வாயிலில் நோயாளியைப் பொறுப்பேற்கும் வைத்தியர் சிங்களவராயிருத்தலும் கூடும். மருந்தின் பெயரையும் அளவையும் அறிக்கைச் சொற்களையும் ஆங்கிலத்திற் பிழையறக் கற்றேயாதல் வேண்டும். இயலுமாயின் சிங்களத்திலும் நாலு வசனம் கற்றல் நன்று. ஒப்படைப்பது எம்மொழியிலேனும் ஆகுக. உணர்வது தாய்மொழியில் நிகழட்டும் என்பதே எம் வேண்டுகோள்.

எம் நாட்டில் இத்தொழில் புதியது. இந்திய அரசின் நன்கொடையோடு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வண்டிகளோடு தொடங்கியது. முதலிற் சேர்ந்தோர் ஐதராபாத்திற் பயிற்சி பெற்றனர். வட மாகாணத்துக்கு அது 2018 ஆம் ஆண்டு யூலையில் வந்தது. நள்ளிரவிலும் கட்டணமின்றி வண்டி வருவதைக் கண்டு, எம் ஊர்க் கிழவியர் அவ்விளைஞர்களைக் கைகூப்பி வாழ்த்துவதை நாம் பார்த்திருக்கின்றோம். குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் தோட்டங்களிலும் குக்கிராமங்களிலும் அப்போதிக்கரிமார் பெற்றிருந்த மதிப்பை இவர்களும் பெறவேண்டும். அம்மதிப்பு அவர்க்குச் சீருடையால் வந்ததன்று.

அறிவின் எல்லையை உணர்த்துவதும் காரணமே. நினைவிழந்தவருக்கு வாயால் எதனையும் கொடாமை, தாம் தீர்க்க முடியாத நோயாளியோடு வீதியோரத்தில் நேரத்தைப் போக்காமை, ஐயமானால் வைத்தியரைத் தொலைபேசியிற் கேட்டல் ஆகியன, காரணம் அறிந்தவருக்கே எளிதாக வரும். பாரிசவாதம் வந்தவருக்குக் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணிநேரத்துள் ஏற்றவேண்டும் என்று அறிந்தவர், “எப்பொழுது கடைசியாக நன்றாயிருந்தார்?” என்று வீட்டாரைக் கேட்டு, மணியைக் குறித்துக்கொண்டு புறப்படுவார். அந்த ஒரு வினாவை மறந்தால், வைத்தியசாலையில் மருந்து இருந்தும் பயனின்றிப் போகும்.

இனி, நாம் செய்யக்கூடியது. எமது கல்லூரியின் உயிரியல் ஆய்வுகூடம் சனிக்கிழமைப் பிற்பகல்களிற் பூட்டியே கிடக்கின்றது. அதனுள் முழு மனித என்புக்கூடொன்று உண்டு; எம் காலத்தில் அதற்குப் பெயரும் வைத்திருந்தோம். எம் பழைய மாணவருள் ஓய்வுபெற்ற வைத்தியர்களும் தாதிய உத்தியோகத்தர்களும் ஊரோடு வந்து தங்கியிருக்கின்றனர். வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கொருமுறை வந்து, என்ன உதவி வேண்டும் என்று கேட்போரும் உளர். பயிற்சியிலுள்ள இளைஞர்க்கும், சேர விரும்புவோர்க்கும், எம் கல்லூரி முதலுதவிப் படையின் மாணவர்க்கும் வாரந்தோறும் இரண்டு மணிநேரம் அங்கே தமிழிற் காரணம் கற்பித்தல் இயலாத காரியமா? மூச்சு, குருதி, சலரோகம், முள்ளந்தண்டு, பாம்பு என்னும் ஐந்தையும் விளக்கும் நூறு பக்கக் கைநூலொன்றை இவ்விழா நிதியிலிருந்து அச்சிட்டாற் குற்றமா? நுழைவாயில் வளைவுக்கு இரண்டாம் முறை வர்ணம் பூசுவதற்கென ஒதுக்கிய பணம் அதற்குப் போதும் என்று பொருளாளரே எம்மிடம் கூறினார். இவ்வகுப்பை நடத்த இசைவோர் சங்கச் செயலாளருக்கு எழுதுவாராக. என்புக்கூட்டைத் தூசு தட்டி வைக்கும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்கின்றோம்.

அவ்விளைஞர் இப்பொழுது பயிற்சி முடித்து வண்டியில் வேலை செய்கின்றார். ஓய்வுநாள்களில் இரண்டொருமுறை எம் வீட்டுக்கு வந்தார். கட்டுவிரியன் கடித்தவரின் கண் திறவாவிடினும், கையசையாவிடினும், அறிவு கெடாதிருத்தல் கூடும், பக்கத்திற் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும் என்று சென்றமுறை அவருக்கு விளக்கினோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்ப வண்டியில அவரோட என்ன கதைக்கிறது, ஐயா?” என்று கேட்டார். எம் பாடநூல் எதிலும் அதற்கு விடை இல்லை. வண்டி எந்த ஊரைக் கடக்கின்றது என்பதையும், பெரியாஸ்பத்திரிக்கு இன்னும் எத்தனை கட்டை என்பதையும் சொல்லிக்கொண்டே போகுமாறு கூறினோம்.